கப்பல் கிளம்பும் வெள்ளிக்கிழமை

புவெனோஸ் ஐரெஸ்,
10 ஜனவரி 1985

அன்புத் தங்கை அம்பாரோவுக்கு,

உன் அத்தானும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்தோம். பதினெட்டு மணி நேரப் பேருந்தில் என் கணுக்கால்கள் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. உப்புத் தண்ணீரில் வைத்ததில் வடிந்துவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சான் ஹுவானில் வெயில் குறைந்ததா?

சித்தப்பா மகள் எல்வீரா கோடைக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டதால் அவள் வீடு முழுக்க எங்களுக்குத்தான். கப்பல் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அதுவரை பதினைந்து நாளும் ஊர் சுற்றியே தீருவது என்று அன்செல்மோ ஒற்றைக்காலில் நிற்கிறார். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் என்னைக் கேட்காமல் அவர் வாங்கிய முதல் பொருள் இந்தக் கப்பல் சீட்டுகள்தான். "வாங்கிட்டேன். போறோம்" என்று சாப்பாட்டு மேசையில் வைத்தாரே, ஞாபகமிருக்கிறதா? அந்தத் தைரியத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்று ஆற்றைப் பார்த்தோம். பால் விட்ட காபி நிறம். "அக்கரையே தெரியலையே" என்று வாயைப் பிளந்தார். "வாயை மூடுங்க, கொசு போயிடும்" என்றேன்.

அத்தி மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடு. பின்வாசல் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டால்தான் விழும். சோடா வண்டிக்காரர் எவாரிஸ்தோ செவ்வாயும் வெள்ளியும் வருவார். காலிப் புட்டிகளை வாசலிலேயே எடுத்துக்கொள்ளட்டும், சமையலறை வரை விடாதே. மேற்கு ஜன்னலை மதியம் திறக்காதே. உடனே பதில் போடு.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
நெலிதா

*

சான் ஹுவான்,
14 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகம் என்று தெரிந்து சந்தோஷம். கணுக்காலைக் கவனித்துக்கொள், ராத்திரி தலையணை மேல் வைத்துக்கொண்டு தூங்கு. எனக்கு இந்த மாதம் முதுகுவலியே இல்லை. வெயில் நாற்பதைத் தொட்டுவிட்டது. நாய்கள் வாய்க்காலிலேயே படுத்துக் கிடக்கின்றன.

அத்தி மரம் செழிப்பாக இருக்கிறது. இங்கே வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அத்தான் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போ. பெரிய நாடகசாலையைப் பார், ஆற்றுத் தீவுகளுக்குப் படகில் போ. கப்பல் ஏறும் வரை இந்த வீட்டைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்காதே.

அத்தானுக்கும் உனக்கும் என் முத்தங்கள்.

அம்பாரோ

*

புவெனோஸ் ஐரெஸ்,
17 ஜனவரி 1985

அன்புள்ள அம்பாரோவுக்கு,

நலம். நீயும் நலம் என்று தலைமைத் தபால் நிலையத்தில் என் பெயருக்கு வந்து காத்திருந்த உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காபிக்கடை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளிதழ் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத்தான் தினமும் கிளம்புகிறேன். நேற்று உன் அக்கா கேட்டாள்: "பேப்பரை நீங்களே அச்சடிச்சு எடுத்துட்டு வர்றீங்களா? ஒன்றரை மணி நேரம் ஆகுது!"

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஊரையே காலால் அளந்துகொண்டிருக்கிறேன். வர்ணம் பூசிய தகர வீடுகளைப் பார்த்தோம். "துறைமுகத்துல மிச்சமான பெயின்டை அடிச்சா இதுக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் காட்டுவாங்களா?" என்றாள். பணக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். "செத்தவங்களுக்கு நம்ம வீட்டைவிட நல்ல கதவு" என்றாள். பூமிக்கடியில் ஓடுகிற ரயிலில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு தடவை போய்வந்தோம். எனக்குப் பாதம் முழுக்கக் கொப்புளம்.

பரவாயில்லை. இருபத்தைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு நீயும் எவாரிஸ்தோவும் கல்யாணப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் உன் அக்காவை இந்த ஊரில் பிடித்துவைப்பது என் பொறுப்பு. அதன்பிறகு கப்பல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. அவளிடம் சொல்லிவிட்டே இதைச் செய்ய முடியாதா? கேட்கிற தகுதி எனக்கில்லை என்று தெரியும். அறுபத்தொன்றாம் வருடம் பேச வேண்டிய நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இப்போது கொப்புளத்தோடு நடக்கிறேன்.

எவாரிஸ்தோவுக்கு என் கைகுலுக்கல். அவருடைய நல்ல காதுப் பக்கமாகச் சொல்.

அன்செல்மோ

*

சான் ஹுவான்,
19 ஜனவரி 1985

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் கொப்புளத்துக்கு ஊசியால் குத்தாதீர்கள். எண்ணெய் தடவி அப்படியே விடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. அப்பாவின் கட்டிலை வெளியே எடுத்துப்போட்ட பிறகு இப்படித் தூங்கியதே இல்லை.

அக்காவிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியாதா என்று கேட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எவாரிஸ்தோ சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்து முறையாகத்தான் கேட்டார். அக்கா என்ன சொன்னாள்? "என் தங்கச்சி சோடா புட்டி சுமக்கப் பிறக்கல." அதோடு விட்டாளா? மூன்று மாதத்துக்கு வேறு வண்டியில் சோடா வாங்கினாள். அவர் அப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வாசலில் நின்றார், வெறுங்கையோடு.

அக்கா திட்டினால் நான் தாங்குவேன், அத்தான். அவள் அழுவாள். "நீயும் போயிட்டா எனக்கு யாரு" என்பாள். நான் கரைந்துவிடுவேன். ஐம்பத்தொரு வயதில் இன்னொரு முறை கரைய எனக்குத் தெம்பில்லை. எனக்கு வேண்டியது அக்கா இல்லாத ஒரே ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவ்வளவுதான்.

நேராகக் கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும். ஆனால் நீங்களாகச் சொல்லாதீர்கள்.

அறுபத்தொன்றைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அன்புடன்,
அம்பாரோ

*

புவெனோஸ் ஐரெஸ்,
22 ஜனவரி 1985

அம்பாரோ,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பதினைந்தாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் எழுதினேன். எட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வந்த ஒரே கடிதத்தையும் பத்துத் தடவை படித்துவிட்டேன். முதுகுவலி இல்லை என்கிறாய். உனக்கு முதுகுவலி இல்லாத மாதம் ஒன்று உண்டா? விசேஷம் இல்லை என்கிறாய். ஜன்னலைப் பற்றியும் தாழ்ப்பாளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. சோடாக்காரரைப் பற்றி மூச்சே இல்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின் நோட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ படுத்துக் கிடக்கிறாயா? விழுந்துவிட்டாயா? உன் அத்தானைக் கேட்டால் காது சிவக்கிறது, ஆற்றுத் தீவுக்குப் படகு விடுகிற நேரத்தைச் சொல்கிறார். அந்தத் தீவுகளையும் பார்த்தாயிற்று. தண்ணீருக்குள் கழிகள் நட்டு வீடு கட்டியிருக்கிறார்கள், நல்ல காற்று. எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

நாளை மறுநாள் மதியம் இரண்டு மணிப் பேருந்தில் கிளம்புகிறேன். வெள்ளி காலை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன். கப்பல் போனால் போகட்டும்.

நெலிதா

*

கப்பலில்,
26 ஜனவரி 1985

அன்புள்ள அம்பாரோவுக்கு,

இனி உன்னை எவாரிஸ்தோவின் மனைவி என்று எழுத வேண்டும். இருவரும் நூறு வருடம் சௌக்கியமாக இருங்கள். நாங்களும் சௌக்கியம், நாங்கள் என்றுதான் எழுதுகிறேன், பார்த்தாயா? எப்படி என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முகமெல்லாம் வெளுத்திருந்தது. கதவுக்கு முன்னால் நின்று நேராகக் கேட்டாள்: "என் தங்கச்சி உயிரோட இருக்காளா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவளுக்கு ஒண்ணும் ஆகல, நெலிதா. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு அவளுக்குக் கல்யாணம்."

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரோட?"

"எவாரிஸ்தோவோட."

"சோடாக்காரனோடயா? உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அக்டோபர்லேர்ந்து."

கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா எட்டு மணிக்குப் போயிடலாம்."

"போயிடலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனா கூட வர மாட்டேன். நாளைக்கு நான் கப்பல் ஏறுறேன், தனியாவாவது."

"உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாது!"

"கப்பலுக்குத் தெரியும்."

எழுந்தாள். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நிலையம் வரை போனேன், பழக்கதோஷம். பேருந்துச் சீட்டும் அவள் கையில் இருந்தது. பேருந்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். "இருவத்தேழு வருஷமா நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன். இதுக்கு ஆட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். இரண்டு தெரு தவறிப் போய்த்தான் வீடு சேர்ந்தேன், அம்பாரோ. பொய் எதற்கு?

அன்று மாலை ஐந்து மணிக்கு வீட்டுக் கதவு திறந்தது. பெட்டியோடு நின்றாள். கைகழுவிவிட்டு, கப்பலுக்குப் போடுகிற என் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தாள். முடித்து மடித்த பிறகு ஒரே வார்த்தை: "பஸ்ஸு கதவு சாத்துற வரைக்கும் பக்கத்துலயேதான் நின்னேன்."

மறுநாள் துறைமுகத்துக்கு எதிரே காபிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரத்திலிருந்து அவள் கண் நகரவே இல்லை. "பதினொன்னேகால். முடிஞ்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன உடுத்தியிருப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அழுதாள். பரிமாறுகிறவர் வந்து பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு காபி வைத்துவிட்டுப் போனார்.

மாலை எனக்கு முன்னால் ஏணிப்படி ஏறியவள் அவள்தான்.

உன் அத்தான்,
அன்செல்மோ

*

புவெர்த்தோ மாத்ரின்,
29 ஜனவரி 1985

அம்பாரோவுக்கு,

நலம். அவ்விடம் இருவரும் நலமா?

நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எதிரியை ஊரைவிட்டு அனுப்புவது மாதிரி அனுப்பிவிட்டு, சாட்சிக்கு யாரோ தெருக்காரர்களை நிறுத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் அத்தானோடு நான்கு நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறேன். இங்கே கடல்சிங்கங்கள் பாறை மேல் கிடந்து கத்துகின்றன. எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்தது வேறொன்றை. கை வரவில்லை.

நெலிதா

*

உஷுவாயா,
5 பிப்ரவரி 1985

அன்புள்ள அம்பாரோ,

உடம்பு இப்போது தேவலை. தெற்கே வரவர அலை எங்களைப் புரட்டி எடுத்துவிட்டது. மூன்று நாள் நான் தலையைத் தூக்கவில்லை. அன்செல்மோ பக்கத்தில் உட்கார்ந்து தகரக் கிண்ணத்தை ஏந்திப் பிடித்தார், வாயைத் துடைத்துவிட்டார், போர்வையை மாற்றினார். எனக்கு இன்னொருவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. மூன்றாம் நாள் அவர் கிண்ணத்தைக் கழுவப் போனபோது, அப்பாவுக்கு நீ இதைப் பத்தொன்பது வருடம் செய்தாய் என்று நினைத்தேன். செய்தாய் என்று எனக்கு எப்போதும் தெரியும். வாந்தியும் நாற்றமுமாக அது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

அதனால் எழுதிவிடுகிறேன். அலை வந்தால் மறுபடி தைரியம் போய்விடும்.

அறுபத்தொன்றாம் வருடம், அப்பா பக்கவாதத்தில் விழுந்த நாலாம் மாதம், எலிசேயோ வீட்டுக்கு வந்தான். ரயில்வே கணக்கர் எலிசேயோதான். தெற்கே எண்ணெய்க் கிணறுகள் இருக்கிற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் பண்ணிக்கொண்டு உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று கேட்க வந்தான். நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தாய். நான் வாசல் கேட்டிலேயே நிறுத்தினேன். "அம்பாரோவுக்கு இஷ்டமில்ல. உங்க முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்படுறா" என்றேன். அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். பிறகு போய்விட்டான். உன்னிடம், அவன் சொல்லிக்கொள்ளாமல் ஊர் மாறிவிட்டான் என்றேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீ போனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட வேண்டியிருக்கும். அதற்குத்தான். வேறு எந்தக் காரணமும் இல்லை. உனக்கு நல்லது என்று நினைத்தேன் என்று எழுதப் பார்த்தேன், அது பொய். திராட்சைக் கொடியைக் கழித்துக்கொண்டிருந்த அன்செல்மோ காதில் அது விழுந்தது. அவர் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. தெரிந்துகொள் என்று மட்டும் எழுதுகிறேன்.

நெலிதா

*

சான் ஹுவான்,
4 மார்ச் 1985

அன்புள்ள அம்பாரோ,

நாங்கள் ஊர் திரும்பி இரண்டு வாரமாகிறது. சுகமாக இருக்கிறோம். சிம்பாஸில் உன் புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? முதுகு எப்படி?

அரைமணிப் பயணத்தில் இருக்கிறாய். நான் வந்து கதவைத் தட்டியிருக்கலாம். இரண்டு தடவை பேருந்து நிறுத்தம் வரை போனேன். நீ கூப்பிடாத வீட்டுக்கு வரக் கூடாது என்று திரும்பினேன்.

உன் வீட்டுக்காரர் செவ்வாயும் வெள்ளியும் சோடா கொண்டுவருகிறார். முதல் நாள் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரே சத்தமாகச் சொன்னார்: "அவங்க நல்லா இருக்காங்க, டீச்சர்." அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். இப்போது அவரைச் சமையலறை வரை கூப்பிடுகிறேன். உட்கார்ந்துதான் மாத்தே இலைத் தேநீர் குடிக்கிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடலாம், கொடுக்கவில்லை. நமக்கு நடுவே அவரை நிறுத்துவது நியாயமில்லை. தபாலில் போடுகிறேன்.

பதில் வேண்டுமென்று கேட்கவில்லை.

நெலிதா

*

சிம்பாஸ்,
25 மார்ச் 1985

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம் என்று எவாரிஸ்தோ சொல்கிறார். திராட்சை அறுவடை முடிந்து இப்போதுதான் கொஞ்சம் குளிர்கிறது.

உஷுவாயாவிலிருந்து நீ எழுதியது வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அறுபத்துமூன்றில் எலிசேயோவின் அம்மா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்டாள்: "எம் புள்ளைக்கிட்ட என்ன குறை கண்டே?" அப்போது அவனுக்கு அங்கே கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தது. வீட்டுக்கு வந்தேன், அப்பாவுக்குத் துணி மாற்றினேன், உனக்குச் சாப்பாடு வைத்தேன். நீ பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சிரிப்புக் கதையைச் சொன்னாய். நானும் சிரித்தேன்.

இருபத்திரண்டு வருடம் ஏன் கேட்கவில்லை என்று நீ யோசிப்பாய். கேட்டால் நான் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். மறுநாள் காலை அப்பாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது? அப்பா போன பிறகு, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். எவாரிஸ்தோ வந்தபோதும் நீ அதே கேட்டில் நின்றாய். அன்றைக்குத்தான் தீர்மானம் பண்ணினேன்.

நீ பேருந்தில் ஏறவில்லை என்று அத்தான் எழுதியிருந்தார். அதை நான் மறக்க மாட்டேன். மற்றதையும் மறக்க மாட்டேன். இந்த வீட்டில் உன்னைப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

கல்யாணத்துக்கு உடுத்தியது சாம்பல் நிறப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும். நானே தைத்தேன்.

அம்பாரோ

*

சான் ஹுவான்,
1 ஏப்ரல் 1985

அன்புள்ள அம்பாரோ,

சரி.

எவ்வளவு நாளானாலும் நான் காத்திருக்கிறேன். ஆனால் சும்மா இருக்க மாட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன். நீ பிரிக்க வேண்டியதில்லை, பதில் போட வேண்டியதில்லை. வாசலிலேயே உன்னை எதிர்பார்த்து நிற்க ஒருவரால் முடிந்தது, எனக்கும் முடியும்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். கேட்டில் நின்ற அந்த நாளைப் பற்றிக்கூட.

சாம்பல் நிறம் உனக்கு எடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

நெலிதா

*

சிம்பாஸ்,
12 ஜூன் 1985

அக்கா,

நாங்கள் இருவரும் நலம். இங்கே இரண்டு நாளாக உறைபனி. அத்தானைக் காது மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்.

பத்துத் திங்கட்கிழமை, பத்துக் கடிதம். முதல் நாலைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டேன். ஐந்தாவது வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். இப்போது தபால்காரர் செவ்வாய் தாமதமாக வந்தால் எவாரிஸ்தோ என்னைக் கேலி பண்ணுகிறார்: "போய் ரோட்டுல நில்லேன்."

மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் கிழவிகளாகிவிட எனக்கு இஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். கையில் ஒன்றும் கொண்டுவராதே. என் அடுப்படியில் எதையும் தொடாதே. நான் பரிமாறும்வரை உட்கார்ந்திரு.

அம்பாரோ